வாடா மாலை

தலைக்குள் ஒன்றும் இல்லாதவர்களுக்குத்தான் தலைமேல் ஏதாவது வேண்டியிருக்கிறது. மேழியூர் அரசன் செண்டலங்காரனுக்கு வாகை வேண்டியிருந்தது.

வாகைப்பூ என்றால் சும்மாவா? போரில் ஜெயித்தவன் மட்டும் சூடுகிற பூ. இவன் ஜெயித்த லட்சணத்தைக் கேளுங்கள். எல்லையில் படை மோதிக்கொண்டிருந்தபோது, வயிற்றுக் கடுப்பு என்று மகாராஜா கூடாரத்துக்குள் சுருண்டு கிடந்தார். வீரர்கள் வெட்டுப்பட்டு, மிதிபட்டு எதிரியை விரட்டினார்கள். கடைசி எதிரியும் ஆற்றைத் தாண்டிவிட்டான் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு ஐயா வெளியே வந்து வாளை உருவினார். அதற்குத்தான் வெற்றி ஊர்வலம்.

வாகைப்பூவோ பட்டுநூல் மாதிரி. வெயில் தாங்குமா? இரண்டாவது தெரு திரும்புமுன் துவண்டு, பழுத்து, நெற்றியில் ஒட்டிக்கொண்டது. மாடத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அரசன் அதைப் பார்த்துவிட்டான்.

அன்றைய விருந்தில் இருந்த யவன வணிகன் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். "எங்கள் ஊரில் பூவே கிடையாது அரசே, இலைதான். லாரல் என்று ஒரு மரம். பனிக்காலத்திலும் பச்சை மாறாது. ஓட்டத்தில் முந்தினவனுக்கும் அதுதான், பாட்டில் ஜெயித்தவனுக்கும் அதுதான், போரில் வென்ற தளபதிக்கும் அதுதான். வழுக்கையை மறைக்கவே அதைக் கழற்றாமல் வைத்திருந்த பெரிய மனிதரும் உண்டு" என்றான்.

பிரிஞ்சி சோற்றில் போட்டுவிட்டு, தின்னும்போது தட்டோரம் ஒதுக்குகிறோமே, அதற்குப் பங்காளி இலை. அங்கே தலையில், இங்கே தட்டோரம். இலைக்கும் யோகம் வேண்டும்.

அரசன் மேசையைத் தட்டினான். "இலையெல்லாம் ஆடு தின்னட்டும். என் முன்னோர் சூடியது வாகை. எனக்கும் வாகைதான். ஆனால் வாடக் கூடாது. வாடா மாலை வேண்டும்!"

அமைச்சர் பரமேட்டி உடனே எழுந்தார். அரசன் தும்மினால் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் ரகம். "பூமேல் குற்றமில்லை அரசே. கட்டியவன் கையில் சூடு. அந்தச் செவந்தியப்பன் விரல்களை வெட்டினால் எல்லாம் சரியாகிவிடும்."

"வெள்ளிக்கிழமை சபை கூடும்போது வாடா மாலை வரட்டும். வராவிட்டால் விரல்கள் வரட்டும்" என்றான் அரசன்.

மாலைகட்டி செவந்தியப்பன் அழுதுகொண்டே அவைப்புலவர் இயக்கியின் வீட்டுக்கு ஓடினான். மேழியூரில் அரசனிடம் பயமில்லாமல் பேசுகிற ஒரே ஜீவன் அவள்தான்.

"தாயி, வாடாத பூ உலகத்துல உண்டா?"

"கிடையாது."

"அப்ப என் விரலு?"

"மூக்கைச் சிந்து முதலில். வாகையில் வாடாததைக் கேட்டான், அவ்வளவுதானே? பூ என்று சொன்னானா?"

செவந்தியப்பன் யோசித்தான். "மாலைன்னுதான் சொன்னாரு."

"அப்புறம் என்ன? நாரை எடுத்துக்கொண்டு என்னோடு வா."

வெள்ளிக்கிழமை சபை கூடியது. இயக்கி மூடிய தட்டோடு வந்தாள். பின்னால் விரல்களை மடக்கிக்கொண்டு செவந்தியப்பன்.

"வாகைதானா?" என்றான் அரசன்.

"வாகை மரத்தில் பறித்தது."

"வாடாதே?"

"வெயிலில் போடுங்கள், நெருப்பருகே வையுங்கள். வாடினால் என் விரலையும் சேர்த்து வெட்டுங்கள்."

அரசன் கண்ணை மூடித் தலையை நீட்டினான். இயக்கி சூட்டினாள். நீள நீளமாக, பொன்னிறத்தில், காய்ந்த வாகை நெற்றுகள்.

அரசன் நிமிர்ந்தான். நெற்றுக்குள் விதைகள் குலுங்கின. கலகல.

"என்ன சத்தம்?" என்று திரும்பினான். கலகலகல.

"நான் போர்க்களத்தில்..." கலகலகலகல! சபையே உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தது.

"இயக்கி! என்ன இது?"

"நீங்கள் கேட்டதுதான் அரசே. வாடுவதற்கு முதலில் பூக்க வேண்டும். பூத்த வாகை வாயே திறக்காது, வாடிவிட்டுப் போய்விடும். காய்ந்த பிறகுதான் 'நான் வாகை, நான் வாகை' என்று ஊரைக் கூட்டும்."

அடிபட்ட வீரர்கள் பின்வரிசையில் நின்றிருந்தார்கள். முதலில் சிரித்தது அவர்கள்தான்.

அரசன் முகம் சிவந்தது. மாலையைப் பிடுங்கினான். "இதை நான் போடமாட்டேன்!"

"சரி. வாடா மாலை கேட்டீர்கள், வந்தது. நீங்கள் போடாவிட்டால் அது போடா மாலை."

பரமேட்டி துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா அரசே! வாடா என்கிறாள், போடா என்கிறாள்! நாக்கை அறுக்க வேண்டாமா?"

"முதலில் 'வாடா' என்றது அரசர்தான், ஐயா. அவர் கூப்பிட்டார், மாலை வந்தது. வேண்டாமென்றால் 'போடா' என்றுதானே அனுப்ப வேண்டும்?"

அரசனுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது. எவ்வளவு அடக்கியும் நிற்கவில்லை. "செவந்தியப்பா, விரலைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோ. இயக்கி, இந்தா" என்று கழுத்து முத்துச்சரத்தைக் கழற்றிக் கொடுத்தான். கையில் நெற்றுமாலை மிச்சமிருந்தது. "இதை யாருக்குக் கொடுப்பது?"

இயக்கி சபையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்வை அமைச்சரிடம் வந்து நின்றது.

"வாடா மாலை அரசர் கேட்டது. போடா மாலை... பரமேட்டி ஐயாவுக்கு."