குணம் தெரிகிற மாப்பிள்ளைப் படம்

மண்டைமேட்டில் ஆண்டியப்பன் என்று ஒரு பிள்ளையாண்டான். பிள்ளையாண்டான் என்றால், நாற்பதைத் தொட இன்னும் ஓர் ஆடிதான் பாக்கி. பெண் பார்க்கப் போன வீடுகளில் அவன் தின்ற கேசரியைக் குவித்தால் ஊருக்கு ஒரு மலை ஆகும். பெண்தான் அமையவில்லை. கடைசியாகத் தரகர் கீழ்ப்பட்டியிலிருந்து சேதி கொண்டுவந்தார்.

"இதுவும் தட்டிப்போனா இனிமே நான் இந்தப் படி ஏற மாட்டேன். மூஞ்சி எப்படி இருந்தாலும் பரவாயில்லையாம். பையன்கிட்ட கெட்ட குணம் எதுவும் இல்லேன்னு படத்தைப் பார்த்தாலே தெரியணுமாம்."

ஆண்டியப்பன் அன்றே படம் வரைய ஆள் தேடச் சொன்னான்.

டவுனிலிருந்து ஓவியரை அழைத்து வந்தார்கள். நல்ல கைக்காரர். பயந்த கண், சட்டென்று சிரித்துவிடுகிற உதடு, எல்லாவற்றையும் அப்படியே பிடித்துவிட்டார். பார்த்த ஆண்டியப்பனுக்கே கண் கலங்கிற்று. இந்த ஆளுக்கு நானே பெண் கொடுப்பேன் என்று நினைத்துக்கொண்டான்.

தாய்மாமன் பொன்னுரங்கம் படத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஊரிலேயே பெரிய யோசனைக்காரர் அவர்.

"என்னய்யா இது, கண்ணு இருக்கு?"

"இருக்காதா பின்னே?" என்றார் ஓவியர்.

"கண்ணு இருந்தா அடுத்தவன் பொண்டாட்டியைப் பார்ப்பான்னு நினைக்க மாட்டாங்களா? எங்க பையன் பார்க்க மாட்டான். எடும்."

எடுத்தார்.

"காது மாமா!" என்றான் கூட்டாளி சடையன். "ஒட்டுக் கேட்பான்னு சொல்லுவாங்க."

காது போயிற்று.

"வாய் இருந்தா குடிப்பான், பொய் சொல்லுவான், கட்டினவளை வைவான். ஒரே ஓட்டையில இத்தனை கேடு" என்றார் மாமா. வாயும் போயிற்று.

மூக்கு விஷயத்தில் மட்டும் வெகுநேரம் வழக்கு நடந்தது.

"அது என்ன பாவம் பண்ணிச்சு மாமா? மூச்சுதானே விடுது?" என்று ஆண்டியப்பன் கெஞ்சினான்.

"கோவம் எங்கேடா வந்து நிக்கும்? மூக்கு நுனியில. அதுக்கு நிக்க இடம் கொடுக்காதே."

கடைசியில் சட்டத்துக்குள் ஒரு நுங்கு மிஞ்சியது. ஓவியர் கூலியை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் போய்விட்டார்.

கீழ்ப்பட்டிக்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? "தேடித் தேடிப் பார்த்தாலும் ஒரு கெட்ட குணம் காணோமே!" என்று பெண்ணின் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். முகூர்த்தம் குறித்தாயிற்று.

பந்தலில்தான் வில்லங்கம். பெண்ணின் அப்பா ஒரு கையில் படத்தையும் மறு கையில் ஆண்டியப்பன் மோவாயையும் பிடித்துக்கொண்டார்.

"இவர் வேற ஆளு. கண்ணு மூக்கெல்லாம் இருக்கு! ஆளை மாத்திட்டீங்களா?"

"மாமா, ஏதாவது செய்யுங்க!" ஆண்டியப்பனுக்கு உயிரே போய்விட்டது.

மாமா தோள் துண்டை உருவி, மருமகன் தலையில் சுற்றோ சுற்றென்று சுற்றினார். "இப்பப் பாருங்க சம்பந்தி."

"ஆங், இவரேதான்! கொட்டுங்கய்யா மேளத்தை!"

முகமில்லாத மாப்பிள்ளை தாலியை நீட்டிக்கொண்டு தடவித் தடவி வந்தான். பெண் ஓரடி நகர்ந்து வழிவிட்டாள். இரண்டு ஊருக்கும் சேர்த்துப் புத்தி என்று இருந்தது அவள் ஒருத்தியிடம்தான். மணவறைக் காலில் கட்டியிருந்த குலை வாழைக்கு மூன்று முடிச்சும் விழுந்தது.

மேளம் நின்றது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள்.

"அவிழ்த்து மறுபடி கட்டலாமா?" என்றான் சடையன்.

"ஏறின தாலியை அவிழ்க்கிறதா? வாயைக் கழுவுடா" என்றார் பெண்ணின் அப்பா.

"வாழைக்குச் சம்மதமான்னு கேட்க வேண்டாமா?" என்று இழுத்தான் சடையன்.

"வேண்டாம்னு சொல்லலையே. அதுக்கு மேல எந்தப் பொண்ணுகிட்ட நாம கேட்டிருக்கோம்?" என்றார் மாமா. தீர்ந்தது வழக்கு.

மண்டைமேட்டில் மாமியார் வெள்ளையம்மா ஆரத்தி எடுத்தாள். மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். நிறம் கொஞ்சம் பச்சைதான். ஆனால் குளிர்ந்த மேனி, குனிந்த தலை, எதிர்ப்பேச்சு கிடையாது, கையோடு சீர் ஒரு குலை. பரம திருப்தி.

மறுநாள் பொழுது விடிந்தும் வாசலில் கோலம் விழவில்லை.

"என்னடா, உன் மகாராணிக்கு இன்னும் விடியலையா?" மாமியார் குரல் தெருக்கோடி வரை கேட்டது.

ஆண்டியப்பன் மனைவிக்கு முன்னால் வந்து நின்றான். பிறந்ததிலிருந்து அம்மாவை அவன் எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

"புதுசா வந்தவம்மா. வேர் பிடிக்கட்டும்."