கரடி கொடுத்த வெள்ளைக் களிம்பு

ஓடைக்கரை அத்தி மரத்தில் சிமிட்டி என்றொரு மந்தி இருந்தாள். அவளுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. பழுத்த பழத்தைக்கூட முன்னும் பின்னும் திருப்பி, "இது ஏன் இவ்வளவு சிவப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கடிப்பாள்.

ஒருநாள் அவள் வயிற்றில் வட்டமாக ஒரு படை வந்தது. ஒரே அரிப்பு! அரிப்பையாவது பொறுத்துக்கொள்வாள். ஆனால் அந்த வயிற்றைக் கட்டிக்கொண்டுதான் அவளுடைய பால்குடிக் குட்டி நாள் முழுக்கத் தொங்கும். அதற்கும் ஒட்டிக்கொண்டால்? கீரி வைத்தியரிடம் ஓடினாள்.

வைத்தியர் படையை உற்றுப் பார்த்தார். நத்தை ஓடு ஒன்றில் மஞ்சள் களிம்பை நிரப்பி, இலையால் மூடித் தந்தார்.

"இது படர்தாமரை. காலையிலும் சாயங்காலமும் மெல்லிசாப் பூசு. நாலு வாரம் பூசணும். மறைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் நடுவுல நிறுத்தாதே. பூசினதும் கையைக் கழுவு. நாலு வாரமும் குட்டியை முதுகுல சுமந்துக்கோ."

நாலு வாரமா? ஏன் அவ்வளவு நாள்? சிமிட்டி மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை. சந்தேகக்காரர்கள் ஊரெல்லாம் கேட்பார்கள், கேட்க வேண்டியவரிடம் மட்டும் கேட்க மாட்டார்கள்.

வழியில் கம்பளியான் என்ற கரடி உட்கார்ந்திருந்தான்.

"என்ன அண்ணே, போன வாரம் மரத்துல முதுகைத் தேச்சுத் தேச்சுக் கத்தினீங்களே!"

"தோல்ல கரப்பான், தங்கச்சி! வைத்தியர் வெள்ளைக் களிம்பு கொடுத்தார். ஒரே நாள்ல அரிப்பு போச்சு! ஏழு நாளோட நிறுத்தச் சொன்னார், நிறுத்திட்டேன். மிச்சம் இதோ இருக்கு."

சிமிட்டியின் கண் சுருங்கியது. பார்த்தாயா சங்கதியை! கரடிக்கு ஒரே நாள், எனக்கு நாலு வாரம்! பெரிய ஆளுக்கு நல்ல மருந்து, எனக்கு மட்டமான மருந்து!

"அதை எனக்குத் தாங்க அண்ணே!"

"எடுத்துக்கோ! நான் வச்சு என்ன பண்ணப் போறேன்?"

கம்பளியான் நல்லவன்தான். தன்னைக் குணமாக்கிய மருந்து எல்லோரையும் குணமாக்கும் என்று நம்புகிற நல்லவன். அவனாலும் ஆபத்துதான்.

சிமிட்டி வெள்ளைக் களிம்பை வயிறு முழுக்க அப்பிக்கொண்டாள். மறுநாள் அரிப்பு இல்லை! சிவப்பும் மங்கியது. "அப்பவே நினைச்சேன்!" என்று மஞ்சள் களிம்பைப் பொந்துக்குள் தள்ளினாள். குட்டியை மறுபடி வயிற்றிலேயே தொங்கவிட்டாள்.

பத்து நாளில் வெள்ளைக் களிம்பு தீர்ந்தது. அரிப்பு திரும்பி வந்தது. ஒரு வட்டம் இருந்த இடத்தில் ஐந்து வட்டம்! இரண்டு நாள் கழித்துக் குட்டியின் கன்னத்திலும் ஒன்று. குட்டி சொறிந்து சொறிந்து அழுதது.

சிமிட்டி குட்டியைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினாள். அப்போதும் சந்தேகம் விடவில்லை. கரடி எதையாவது கலந்திருப்பானோ? இல்லை, அந்தக் கீரியோட வேலையா?

"வைத்தியரே! உங்க மருந்துல ஏதோ இருக்கு!"

"நான் கொடுத்த நத்தை ஓட்டைக் கொண்டா."

கொண்டுவந்தாள். வைத்தியர் இலையை விலக்கினார். களிம்பு விளிம்பு வரை அப்படியே இருந்தது.

"விரலே படலையே! அப்போ எதைப் பூசினே?"

"கரடி அண்ணனோடதை..."

"அது கரப்பானுக்கு! படர்தாமரைமேல பூசினா அரிப்பு மட்டும்தான் அடங்கும். அடியில படை சௌகரியமாப் பரவும். சந்தேகம்னா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"உங்கமேலதானே சந்தேகம்! உங்ககிட்டயே எப்படிக் கேக்கறது?"

"என்கிட்டதான் கேக்கணும்!"

சிமிட்டி தலைகுனிந்தாள். அவசரமாக மஞ்சள் களிம்பில் விரலைத் தோய்த்துக் குட்டியின் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் கை நின்றது. கண் சுருங்கியது.

"வைத்தியரே, இது எனக்குக் கொடுத்தது. குட்டிக்கும் ஆகுமா? கண்ணுக்குப் பக்கத்துல வேற இருக்கே?"

கீரி சிரித்துவிட்டார். "இப்பதான் உருப்படியா சந்தேகப்படறே!"

குட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அதற்கென்று தனியாக ஒரு சின்ன ஓட்டில் மருந்து கொடுத்தார். எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் என்று சிமிட்டி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டபடியே தனக்கும் குட்டிக்கும் கடைசி நாள்வரை பூசினாள். அவள் வயிற்றில் வட்டங்கள் மறைந்தன. குட்டியின் கன்னத்தில் மறுபடி முடி முளைத்தது.

ஒருவர் நோயைப் பார்த்துக் கொடுத்த மருந்து அடுத்தவருக்கு ஆகாது. சந்தேகம் வந்தால் மருந்து கொடுத்தவரிடமே கேட்டுவிட வேண்டும்.