சடையப்பன் சொல்லாமல் விட்டது

“தில்லைவனத்தை எதுக்கு அம்மா சேர்த்துக்கிட்டீங்க?”

வந்ததும் வராததுமாகச் சடையப்பன் கேட்டான்.

உலகம்மை வேர் நறுக்கிக்கொண்டிருந்தாள். மலையடிவாரத்து வைத்தியசாலைக்கு அவள்தான் தலைமை. வைத்தியம் படிக்க இடம் கேட்டு வருகிறவர்களை அவளே நேரில் பேசிப் பார்த்துத்தான் சேர்ப்பாள்.

“இப்ப என்ன வந்தது?”

“நாளைக்குக் கட்டி கீறும்போது கத்தியை அவன் கையில கொடுக்கப் போறீங்களாமே?”

“ஆமா.”

“வலிப்புக்காரன் கையிலயா?”

அவள் வேரைத் திருப்பிப் போட்டாள்.

இடம் கேட்டு வந்த நாள் சடையப்பனுக்கு மறக்கவில்லை. கூடத்தில் அவனுக்கு முன்னால் நின்றவன் தில்லைவனம். முறை வந்ததும், “எனக்கு வலிப்பு உண்டு அம்மா. அப்பப்ப வரும். தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க” என்றான், ஏதோ ஊர்ப்பேரைச் சொல்வதுபோல.

சடையப்பனுக்குத் திக்கென்றது.

அது அவனுக்கும் இருந்த நோய். சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் மென்று விழுங்கிக்கொண்டு வந்தானே, அதே சொல். முன்னால் நின்றவன் அலுங்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இனி தானும் சொன்னால் அவனைப் பார்த்துச் சொன்னதாகிவிடும்.

“உங்க உடம்புக்கு ஏதாவது உண்டா?” என்று அவன் முறை வந்ததும் உலகம்மை கேட்டாள்.

“ஒன்னும் இல்லைங்க அம்மா.”

இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது.

அன்றிலிருந்து எரிச்சல். தில்லைவனம் கண்ணயர்ந்தால் யாரும் எழுப்புவதில்லை. குளத்துக்குப் போனால் துணைக்கு ஒருவர் போனார். சமையல்காரர்கூட, “ராத்திரி தூங்கினீங்களா தம்பி?” என்று விசாரித்தார்.

சடையப்பன் மருந்துத் தோட்டத்தில் தனியாக விழுந்தான். வாயெல்லாம் மண்ணோடு எழுந்தான். கடிபட்ட நாக்கின் ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடியும் இலை பறித்தான். அன்று மத்தியானம் தில்லைவனத்தின் சோற்றில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழுந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, நாக்கைவிட வயிறுதான் அதிகம் எரிந்தது.

“நோயைச் சொல்லியே இடம் பிடிச்சிட்டான் அம்மா. நீங்களும் இரக்கப்பட்டுட்டீங்க” என்றான் இப்போது.

“கத்தி பிடிச்சிருக்கும்போது வலிப்பு வந்தா என்ன ஆகிடும்?”

“என்ன ஆகிடுமா?” சடையப்பனுக்குக் குரல் உயர்ந்தது. “முதல்ல முடி கருகுற வாசம் வரும். இடது கட்டைவிரல் தானா இழுக்கும். மடக்கிப் பிடிச்சாலும் நிக்காது. கூப்பிடலாம்னா நாக்கு எழும்பாது. அப்புறம் தரையே எழுந்து வந்து முகத்துல அடிக்கிற மாதிரி...”

நிறுத்திக்கொண்டான்.

வெளியே யாரோ உரலில் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

“தில்லைவனத்துக்கு வாசம் எதுவும் வராது” என்றாள் உலகம்மை. “காதுல இரைச்சல்தான்.”

சடையப்பன் தரையைப் பார்த்தான்.

“கடைசியா எப்ப வந்தது?”

“போன வாரம். தோட்டத்துல.”

“யாரு ஒருக்களிச்சுப் படுக்க வச்சது?”

“யாரும் இல்ல.”

அவள் நறுக்குவதை நிறுத்தினாள்.

“மூட்டையைக் கட்டட்டுமா அம்மா?” என்றான்.

“அதை அப்புறம் பார்க்கலாம். அவரை எதுக்குச் சேர்த்தேன்னு கேட்டீங்க. வலிப்பு இருக்குன்னு சொன்னதுக்காகச் சேர்க்கலை. அன்னைக்குச் சாயங்காலம் தனியாக் கூப்பிட்டு அவர்கிட்ட ஒன்னு கேட்டேன். பதில் பிடிச்சிருந்தது. உங்ககிட்ட அதைக் கேட்க எனக்கு வழி இல்லாமப் போச்சு.”

“இப்பக் கேளுங்க.”

“நோயாளி முன்னால உட்கார்ந்திருக்கீங்க. கையில கத்தி. கருகல் வாசம் வருது. என்ன செய்வீங்க?”

“கத்தியைக் கீழே வச்சிடுவேன்.”

“அப்புறம்?”

“தள்ளிப் போய் உட்காருவேன். பேச்சு நிக்கறதுக்குள்ள கூப்பிடுவேன்.”

“யாரை?”

வைத்தியசாலையில் இருந்த ஒவ்வொருவரையும் அவன் மனதுக்குள் கூப்பிட்டுப் பார்த்தான். ஒருவர் அலறினார். ஒருவர் இரும்புச் சாவியைத் தேடி ஓடினார். ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“தில்லைவனத்தை” என்றான்.