ஓரத்தில் நின்ற தமிழய்யா

குருவுக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை. சீடருக்கோ தலையில் தேடினாலும் ஒரு கறுப்பு முடி கிடைக்காது. பாளையங்கோட்டையில் இப்படி ஒரு ஜோடி அமைந்துவிட்டது, என்ன செய்ய!

சீடர் சிவசைலம், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போய்விட்ட பெண்களுக்காக, பத்தாம் வகுப்புத் தமிழை இணையத்தில் நடத்திவந்தார். பாடத்தைத் திரையில் எப்படி அமைப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஜெசிந்தா. பேத்தி வயதுதான் இருக்கும். ஆனாலும் அவருக்கு அவள் 'டீச்சர்'. படிப்பு என்று வந்துவிட்டால் அந்த மரியாதையில் அவர் குறை வைக்கமாட்டார்.

அன்றைக்கு அவளைத் தேடி வந்தவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"டீச்சர், எந்த வடிவந்தான் சரி? பட்டுன்னு சொல்லுங்க."

"இப்ப எத வச்சிருக்கீங்க ஐயா?"

"செய்யுள் பாட்டு நடுவுல. நான் பேசுத வீடியோ பெட்டி ஓரத்துல. பாட்டு பெருசா, நம்ம மூஞ்சி பெருசா? அதான் ஒதுங்கி நின்னுக்கிட்டேன்."

"நல்லதுதான? பெறகென்ன?"

"வகுப்புல ஆளு குறையுது."

மனசுக்குள் கிடந்து அரித்ததைச் சொல்லிவிட்டார்.

முப்பிடாதி என்று ஒரு பெண். ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பாடம் படிப்பாள். பத்தாவது தேறிவிட்டால் நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கிற பிழைப்பிலிருந்து தப்பிக்கலாம் என்று இருந்தவள். அவள் ஒருநாள் வகுப்புக் குழுவில் எழுதினாள்: "ஐயா, நீங்க மறைக்கீங்க. முழுசாத் தெரியல."

"எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! இத்தன வருசமும் ஒளிச்சு மறைச்சா சொல்லிக்குடுத்தேன்? எல்லாரும் பாக்க எழுதிட்டேன். 'மறைத்துக் கற்பிக்கும் புத்தி எனக்கில்லை, நம்பிக்கை இல்லாதவர்கள் வர வேண்டாம்'னு."

"அவ என்ன சொன்னா?"

"'மன்னிச்சிருங்க ஐயா'ன்னு போட்டா. குழுவ விட்டே போயிட்டா. போன வாரம் பரீட்சை முடிஞ்சிட்டு. அவ எழுதவே வரலையாம்."

ஜெசிந்தா தன் போனில் அவருடைய பாடத்தையே திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

"நாலாவது வரிய வாசிங்க ஐயா."

தமிழய்யாவுக்குச் சிரிப்பு வந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாளே இவள்!

"இத பாத்தா வாசிக்கணும்? மனப்பாடமாச் சொல்லுதேன்."

"சொல்லாண்டாம். பாத்து வாசிங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் மூன்று வரிகள் பளிச்சென்று தெரிந்தன. நாலாவது வரியின் மேல் அவரே நின்று, கையை ஆட்டி ஆட்டி அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார். விரலால் பெட்டியைத் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. போனைக் குறுக்கே திருப்பினார். அவரும் கூடவே திரும்பி வந்து அதே வரியில் நின்றார்.

"நான் ஓரத்துலல்லா நின்னேன்?"

"அது உங்க கம்ப்யூட்டர்ல ஐயா. போன்ல ஓரம் ஏது?"

மறுபடியும் தள்ளினார்.

"அடச்சே! போவமாட்டேங்குதே. நானே மறைக்கேன்..."

முப்பிடாதி எழுதிய அதே சொல்.

சினிமாக் கொட்டகையில் முன்னால் எழுந்து நிற்கிறவனைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லுகிற சொல். வாழ்நாளெல்லாம் சொல்லுக்குச் சொல் பொருள் பிரித்த மனுசனுக்கு அன்றைக்கு அந்தப் பொருள் தோன்றவில்லை. அவள் படிக்க முடியவில்லை என்றாள். இவர் தன்னைக் குற்றம் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். 'என்னம்மா மறைக்குது?' என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே, பாவி!

"அந்தப் பிள்ள உள்ளதத்தான் சொல்லிருக்கு டீச்சர்."

"ஆமா ஐயா."

"நான் வெரட்டி விட்டுட்டேன்."

ஜெசிந்தா இல்லை என்று சொல்லவில்லை.

"பெட்டிய எடுத்துருதேன். இனிமே என் கொரல் மட்டும் போதும்."

"எடுங்க. இனி வார பிள்ளைகளுக்கு ஒதவும்."

"அவளுக்கு?"

"கடை எங்க இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? எந்த முகத்த வச்சுக்கிட்டு அவ முன்னால போயி நிப்பேன்?"

அவருக்குக் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்துவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடினார்.

"இந்த முகத்தோடயே போங்க ஐயா" என்றாள் ஜெசிந்தா. "தொடைக்காண்டாம்."