படிக்கம் ஏந்தியவன் கேட்ட கூலி

கேளுங்கள் பெரியோரே, பிள்ளைகளே! கடலோரக் கோட்டை ஒன்றைச் செருவென்றான் என்ற அரசன் ஆண்டுவந்தான். பகைவர் மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் வாசலில் தனியாக நின்று ஊரைக் காத்தான். அந்தப் பெருமையே அவனைக் கெடுத்தது.

தேர் திரும்ப இடமில்லை என்று நெசவாளர் தெருவைக் கொளுத்தினான். "ஆகா!" என்றார் அமைச்சர். அரண்மனைக் குளம் நிரம்ப ஊர் ஏரியை உடைத்தான். "ஆகா!" என்றார் சோதிடர். தடுத்த தம்பியை வெட்டினான். "ஆகா!" என்றார் தளபதி.

அரசன் துப்பும் வெற்றிலைச் சாற்றைப் படிக்கத்தில் ஏந்தும் மூக்கன் மட்டும் பேசவில்லை. அவன் வேலை வாய் திறப்பதல்ல. அரசன் வாய் திறந்தால் ஏந்துவது.

ஊர் பொங்கி எழுந்து அரசனைச் சங்கிலியில் கட்டியது. வீடிழந்த நெசவுக்காரி மாராயி நடுவராக அமர்ந்தாள். குற்றவாளியை ஓட்டைத் தோணியில் கடலுக்கு அனுப்புவது அவ்வூர் வழக்கம்.

"இத்தனைக்கும் யார் காரணம்?" என்று கேட்டாள் மாராயி.

"விதி" என்றார் அமைச்சர். "சனி" என்றார் சோதிடர். "கட்டளை" என்றார் தளபதி.

"இதையெல்லாம் தோணியில் ஏற்ற முடியுமா? ஆளைக் காட்டுங்கள்!"

மூன்று விரல்களும் மூக்கன் பக்கம் நீண்டன. "எந்நேரமும் பக்கத்தில் நின்றவன் இவன்தான்!"

மூக்கன் முன்னால் வந்தான். கும்பிட்டுச் சொன்னான்: "ஆமாம் தாயே, மூன்றும் என் வேலைதான். கூலிதான் கைமாறிப் போயிற்று. தெரு இருந்த இடத்துத் தோப்பு அமைச்சரிடம், வற்றிய ஏரியில் போட்ட வயல் சோதிடரிடம், தம்பியின் யானை தளபதியிடம் இருக்கிறது. அவற்றை என் பெண்டாட்டிக்கு வாங்கிக் கொடுங்கள். தோணி ஏறுகிறேன்."

அமைச்சர் துள்ளினார். "அடேய்! கொளுத்தச் சொன்னவன் நான். தோப்பு எனக்குத்தான்!"

"ஏரியை உடைக்க நாள் குறித்தது நானல்லவா!" என்றார் சோதிடர்.

"வாளை எடுத்துக் கொடுத்தவன் நான். யானையைத் தொட்டுப் பாரடா!" என்றார் தளபதி.

மன்றம் வயிறு குலுங்கச் சிரித்தது. அரசன் மட்டும் சிரிக்கவில்லை. "சொன்னது இவர்கள். செய்தது என் கை. தோணியில் முதல் இடம் எனக்கு" என்று எழுந்தான்.

மாராயி திரும்பினாள். "நீ என்ன செய்தாய், மூக்கா?"

"சோற்றுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன், தாயே."

"அப்படியானால் ஏரிக்கரை எழும்பும்வரை மண் சும."

அரசனையும் அந்த மூவரையும் ஏற்றிய தோணி நகர்ந்தது. மூக்கன் படிக்கத்தை அதற்குள் எறிந்தான். "தண்ணீர் இறைக்க உதவும், ஐயாமாரே!"

அரசன் அதை எடுத்து இறைக்கத் தொடங்கினான். மற்ற மூவரும் உட்கார்ந்தபடியே "ஆகா!" என்றார்கள்.

ஆகவே அறிந்துகொள்ளுங்கள்: குற்றம் செய்தவன் முதல் பொறுப்பாளி, அதைப் புகழ்ந்து பயன் தின்றவனும், பார்த்தும் பேசாதிருந்தவனும் தத்தம் பங்கிலிருந்து தப்ப முடியாது.