ஒருவராலும் மீற முடியாத சட்டம்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயர் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அந்த நாட்டு ராஜாவுக்குச் சட்டம் போடுவதென்றால் கொள்ளை ஆசை. பல் விளக்குவதற்குள் இரண்டு போட்டுவிடுவார். ‘அரண்மனைச் சுவரில் துப்பாதே’ என்று எழுதிவைத்த சட்டத்தின் மேலேயே யாரோ வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுப் போக, அன்றைக்கு அவருக்கு வந்ததே கோபம்!

"ஒருவராலும் மீற முடியாத சட்டம் ஒன்று எமக்கு வேண்டும்!" என்று சபையில் கர்ஜித்தார்.

மந்திரி வல்லபராயருக்கு விகடகவி அம்பலத்தாடியைக் கண்டாலே வயிறு எரியும். "பிரபு, அத்தகைய சட்டத்தை அம்பலத்தாடியே இயற்றட்டும். என்றைக்கு ஒருவர் அதை மீறுகிறாரோ, அன்றைக்கு அம்பலத்தாடியின் தலையை வாங்கிவிடலாம்," என்றார். ராஜா சம்மதித்தார்.

கலங்கிப்போய் வெளியே வந்த அம்பலத்தாடியை வாசலில் வெள்ளைச்சி மறித்தாள். அரண்மனைக் குளத்தில் மீன் பிடித்தான் என்று அவள் புருஷனைச் சிறையில் போட்டு மூன்று வருஷமாகிறது. இன்னும் விசாரிக்கவில்லை. அவளும் தினம் வாசலில் வந்து உட்காருகிறாள்.

"சாமி, ரத்தமா கக்குறாரு. இந்த ஐப்பசி தாங்க மாட்டாரு. குத்தமா இல்லையான்னு ராசா ஒரு வார்த்தை சொல்லட்டும்," என்று அழுதாள்.

"இதுல ஜெயிச்சா ராஜா பரிசு குடுப்பாரு. உன் வழக்கைத்தான் கேப்பேன். சத்தியம்," என்றான் அம்பலத்தாடி. அவளைப் பார்த்ததுமே அவனுக்குச் சட்டம் கிடைத்துவிட்டது.

"நீதி கேட்டு வந்தவர்கள் காத்துக்கொண்டே இருக்க வேண்டும்," என்று மறுநாள் சபையில் சொன்னான். ஊரெல்லாம் தண்டோரா போட்டார்கள்.

சட்டத்தை மீறுவதற்கென்றே மந்திரி ஆள் ஏவினார். ஒருவன் நீதிமன்றக் கதவைப் படபடவென்று தட்டினான், தட்டியபடியே காத்திருந்தான். ஒருவன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அங்கே போயும் காத்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு மாதத்தில் ஒரு ஆள்கூட மீறவில்லை. எங்கிருந்து மீறுவது?

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். வெட்கப்பட வேண்டிய மனுஷன், சிரித்தார்! "பலே, அம்பலத்தாடி! என்ன வேண்டும், கேள்!"

"வெள்ளைச்சியின் வழக்கை இப்போதே விசாரிக்க வேண்டும், மகாராஜா."

மந்திரி மெல்ல எழுந்தார். "விசாரித்தால் அவள் காத்திருப்பது நின்றுவிடுமே, பிரபு? சட்டம் மீறப்பட்டதாகும். விகடகவியின் தலை என்னாவது?"

‘போகட்டும் என் தலை’ என்று சொல்ல வேண்டிய இடம் அது. அம்பலத்தாடி வாயைத் திறந்தான். சொல்லவில்லை. பாவி, அவனுக்கும் உயிர் மேல் ஆசை.

"உன் சட்டத்தில் நீயே மாட்டிக்கொண்டாயே!" என்று ராஜா மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். சபையே கைதட்டியது.

வாசலுக்கு வந்தவன் கழுத்தில் மாலையைப் பார்த்ததும் வெள்ளைச்சி முகம் மலர்ந்து எழுந்து ஓடி வந்தாள். "கேட்டீங்களா சாமி? எப்பக் கூப்பிடுவாங்க?"

"காத்துக்கிட்டே இருக்கணும்மா. சட்டம்."

"எந்தப் படுபாவி போட்ட சட்டம் அது? அவன் நல்லா இருப்பானா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

"நான்தாம்மா போட்டேன்," என்றான் அம்பலத்தாடி.