பன்னிரண்டு புத்தகங்களும் ஒரு தூதரும்

கோராசான் தேசத்தில் மர்ஸாபாத் என்றொரு பட்டணம். அதை ஆண்ட அமீர் இலியாஸுக்கு எல்லாம் இருந்தது, நிம்மதி மட்டும் இல்லை. பக்கத்து ஷிர்கான் பட்டணத்து அமீரின் நூலகத்தில் ஆயிரம் புத்தகங்களாம். இவருடையதில் பன்னிரண்டு. கிரேக்க வைத்தியம், இந்தியக் கணக்கு, பாரசீக வானநூல் என்று ஆண்டுக்கு ஒன்றாக அவற்றை அரபியில் பெயர்த்தவர் மிஹ்ரான்.

அமீரின் மந்திரி, வஜீர் பக்தியாருக்கு மிஹ்ரானைக் கண்டால் ஆகாது. தன் கவிதையைக் காட்டி அபிப்பிராயம் கேட்டிருந்தார். மிஹ்ரான் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

ஒருநாள் செய்தி வந்தது. ஷிர்கானின் தூதர் பத்து நாளில் வருகிறார், நூலகத்தையும் பார்ப்பார். வஜீர் அமீரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அமீர் நிமிர்ந்தார்.

"மிஹ்ரான், நம் நூலகம்தான் பெரியது என்று தூதர் தம் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உன்னைக் கழுதைமேல் திருப்பி உட்காரவைத்து ஊரைவிட்டே அனுப்பிவிடுவேன்."

"உத்தரவு" என்றார் மிஹ்ரான்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பத்து நாளில் ஒரு புத்தகத்தைக்கூடப் பெயர்க்க முடியாது. நான்காம் நாள் கத்தியை எடுத்துவந்து, பன்னிரண்டு புத்தகங்களின் தையலையும் பிரித்தார். பன்னிரண்டு வருட உழைப்பு. நூலைக் காக்க நூலை அறுத்தார். பிறகு ஏடுகளைச் சிறு சிறு கட்டாக்கி, கூடையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

தூதர் சுஹைல் வந்தார். அமீரும் வஜீரும் உடன் வர, மிஹ்ரான் நூலகக் கதவைத் திறந்தார். அலமாரிகள் காலி. அமீரின் முகம் கறுத்தது. கழுதைக்குச் சொல்லியனுப்ப வஜீர் ஆளைத் தேடினார்.

"புத்தகங்கள் எங்கே?" என்றார் தூதர்.

"வாசிப்பில் இருக்கின்றன, ஐயா."

"எல்லாமுமா?"

"எல்லாமும். ஷிர்கானில் எத்தனை வாசிப்பில் இருக்கின்றன?"

"எங்கள் நூலகம் பூட்டியிருக்கும். சாவி அமீரிடம்."

"அப்படியா" என்றார் மிஹ்ரான், துக்கம் விசாரிக்கும் குரலில்.

தூதர் நம்பவில்லை. நேரே கடைத்தெருவுக்கு நடந்தார். அங்கே இரண்டு வியாபாரிகள் இந்தியக் கணக்கை நடுவில் வைத்துக்கொண்டு, பூஜ்யத்தைக் காட்டி ஒன்றுமில்லாததற்கு எதற்கு ஓர் எழுத்து என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்கடை ஹம்தூன் அடுப்பைப் பார்க்காமல் ஏட்டைப் பார்த்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வாசிக்கிறீர்?" என்றார் தூதர்.

"காய்ச்சல் நூல். ஏழாம் நாள் நோயாளிக்கு வியர்த்துக் கொட்டுகிறது. மீதி ஏடு சாயக்காரரிடம் இருக்கிறது."

"அதனால்?"

"பிழைத்தானா தெரியவில்லை. எனக்கு மாவு பிசையக் கை ஓடவில்லை."

"ரொட்டி கருகுகிறதே."

"தெரியும்" என்று ஹம்தூன் ஏட்டைப் புரட்டினார்.

அரண்மனைக்குத் திரும்பிய தூதர் அமீரிடம் சொன்னார்: "எங்கள் நூலகம் ஒரு கட்டடம். உங்களுடையது ஓர் ஊர். உங்களுடையதுதான் பெரியது."

தூதர் விடைபெற்றுப் போனதும் அமீர் வயிறு குலுங்கச் சிரித்தார். மிஹ்ரானுக்குப் பத்து எழுத்தர்களையும், காகிதப் பட்டறை ஒன்றையும் கொடுத்தார்.

"அந்தக் காய்ச்சல் நூலை இன்றே கொண்டு வா. நானும் வாசிக்கிறேன்."

மிஹ்ரான் மடியிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தார். "உங்களுக்கு முன்னால் நாற்பத்தொரு பேர் காத்திருக்கிறார்கள், அமீர் அவர்களே."

"நான் அமீர்."

"அதனால்தான் கேட்டவுடனே பெயரை எழுதிக்கொள்கிறேன்."

அமீர் பட்டியலை எட்டிப் பார்த்தார். "எனக்கு நேர் முன்னால் யார்?"

"வஜீர் அவர்கள், இப்போதுதான் பெயர் கொடுத்தார். கொஞ்சம் மெதுவாகத்தான் வாசிப்பார்."